உடன் வருபவர் இருக்கை

பூவராகன் கடைசியாகக் கொட்டாவி விட்டு இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. செந்துறை முக்கூட்டில், புளியமர நிழலில் நின்றிருந்த ஆம்புலன்ஸுக்குள் அவன் முப்பத்தொன்றாவது மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். கண் எரியவில்லை, இடுப்பு கடுக்கவில்லை, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி முகம் பளிச்சென்று இருந்தது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

முன்பெல்லாம் இதே வண்டிக்கு நான்கு பேர். ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஜோடி. மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடும்வரை வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. மாற்று ஆள் ஒரு மணி நேரம் தாமதமாக வருவது வழக்கம். அந்த ஒரு மணி நேரமும் வந்தவரைத் திட்டித் தீர்ப்பதிலும், பிறகு அவர் கொண்டுவந்த சோற்றில் பாதியைச் சாப்பிடுவதிலும் கழியும். முதலில் வண்டி தானோடியாயிற்று, ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் அயர்வுமாற்றி வந்தது, மாற்று ஆளும் போய்விட்டார். மிச்சம் பூவராகன் மட்டும்தான்.

அயர்வுமாற்றியின் தத்துவம் எளிது. விழித்திருக்கும் மனிதனின் மூளையில் சேர்கிற களைப்பை அழிக்க முடியாது, ஆனால் இடம் மாற்ற முடியும். கழுத்தில் கட்டிய அயர்வுப்பட்டை களைப்பை உறிஞ்சி, எங்கேயோ இன்னொரு கழுத்தில் இருக்கும் பட்டைக்கு அனுப்பிவிடும். அந்தப் பட்டையைக் கட்டியவர் இவருக்கும் சேர்த்துத் தூங்கி அதைக் கரைப்பார். ஆரம்பத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஏற்றிப் பார்த்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. மனிதக் களைப்பை மனிதர்தான் தூங்கித் தீர்க்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் தாள்களில் அப்படித் தூங்குபவருக்கு 'ஏற்பாளர்' என்று பெயர். தெருவில் அந்த வேலையைத் தூக்கக்கூலி என்றார்கள். படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், படுத்தால் போதும் என்று விளம்பரம் வந்தபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த மாதம் அதே ஊர் ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றது.

யாருக்கு யார் தூங்குகிறார் என்பது இரு தரப்புக்கும் தெரியக் கூடாது. பூவராகனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் எண்தான்: 4417. அவனுக்கு முப்பத்தொன்பது வயது, கல்யாணம் கூடிவரவில்லை, அம்மா போன பிறகு ஸ்ரீமுஷ்ணத்து வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. வண்டியிலேயே வாழ்கிறவனுக்கு அந்த எண் எப்படியோ ஒரு சொந்தம் மாதிரி ஆகிப்போனது. கொடைக்கானல் பக்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விடும் ஒரு பெரிய மனிதராக அவரைக் கற்பனை செய்து வைத்திருந்தான். "இன்னைக்கு ஆறு கேஸு. உங்களுக்கு நல்ல தூக்கம்தான்" என்று கழுத்துப்பட்டையைத் தட்டிச் சொல்லுவான். கேட்பவர் யாரும் இல்லாததால் வெட்கப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

ஏற்பாளருக்கு மணிக்கணக்கில் கூலி என்று ஒரு நாள் தெரிந்துகொண்டான். அதன்பிறகு மேற்பார்வையாளர் ஜெபராஜ், "இன்னொரு பன்னெண்டு மணி நேரம் சேத்துப் பாக்குறீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம், "பாக்குறேன் சார்" என்பதே அவன் பதில். தனக்குச் செலவழிக்க யாரும் இல்லை. 4417-க்காவது பிள்ளைகுட்டி இருக்கும், நாலு காசு கூடுதலாகப் போகட்டும். வாழ்க்கையில் தான் ஒருவருக்காகச் செய்கிற ஒரே நல்ல காரியம் இது என்று உள்ளுக்குள் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பதினொன்றேகாலுக்கு வண்டி தானாகவே உறுமியது. "பெண், நாற்பத்தேழு வயது, மயக்கம். தொலைவு இரண்டு கிலோமீட்டர்" என்றது அதன் குரல்.

ஓட்டுவீட்டு வாசலில் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பக்கத்து வீடு, பெயர் நூர்ஜகான் என்று அவளே மூச்சிரைக்கச் சொன்னாள். "உள்ள வாங்க தம்பி, எழுப்ப எழுப்ப எந்திரிக்க மாட்டேங்குது. தையல்நாயகின்னு பேரு. தனிக்கட்டை. சாயங்காலம் நாலு மணிக்கு முழிச்சு எங்க வீட்டுலதான் டீ குடிக்கும். முந்தாநேத்து வரல. நேத்தும் வரல. எனக்கு மனசு கேக்கல, கொக்கியைத் தள்ளிட்டு உள்ள போயிட்டேன்."

பாயில் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். கழுத்தில் அயர்வுப்பட்டை. மூச்சு நிமிடத்துக்கு ஐந்துதான் ஓடியது. தூக்கம் அத்தனை ஆழத்துக்குப் போனால் மூச்சு விடக்கூட உடம்பு மறந்துவிடும். தூக்கக்கூலிக்காரர்களை இந்த நிலையில் பூவராகன் மூன்று தடவை பார்த்திருக்கிறான், இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறான். அவனும் நூர்ஜகானுமாகத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். அரியலூர் மருத்துவமனைக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று காட்டிவிட்டு வண்டி கிளம்பியது.

வண்டியின் மூச்சூட்டி இயந்திரம் பழுதுபார்க்கப் போய் இரண்டு வாரம் ஆயிற்று. அதனால் முகமூடி பொருத்திய ரப்பர்ப் பையை எடுத்து, அவள் முகத்தில் அழுத்தி, கையாலேயே காற்றை உள்ளே அனுப்பத் தொடங்கினான். நாலைந்து நிமிடம் ஆகியும் ஆக்சிஜன் மானியில் எண்கள் ஏறவில்லை. போதாக்குறைக்கு அவளாக விடும் மூச்சு ஐந்திலிருந்து நான்காயிற்று.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள் நூர்ஜகான். "நீங்க வேகமா அமுக்குறப்பல்லாம் அது கழுத்துல இருக்குற வெளக்கு எரியுதே, அது ஏன்?"

பூவராகன் பார்த்தான். பட்டையின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு, சுமை இறங்கும்போது எரிகிற விளக்கு, படபடவென்று துடித்தது. கையை நிறுத்தினான், துடிப்பு குறைந்தது. மறுபடி அமுக்கினான், அதுவும் மறுபடி துடித்தது. வேர்வையில் நனைந்திருந்த பட்டையைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படித்தான். 4417.

கொடைக்கானலும் இல்லை, கம்பளியும் இல்லை. இரண்டு வருடத்துக்கும் மேலாக அவன் தினமும் வண்டியை நிறுத்துகிற மரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருந்திருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் அதுவும் அவளுக்குத்தானே போகும் என்று அடக்கிக்கொண்டான்.

ஜெபராஜை அழைத்தான். "சார், என் ஏற்பாளர் என் வண்டியிலதான் கெடக்குறாங்க. நான் முழிச்சிருக்குற ஒவ்வொரு நிமிஷமும் அவங்க மேலதான் ஏறுது. அவங்க பட்டையைத் தெறந்து விடுங்க."

"அதை இங்கேருந்து தெறக்க முடியாதுங்க. தொழில்நுட்பக் குழுவுக்கு எழுதணும். நாப்பது நிமிஷம் ஆகும்."

"நாப்பது நிமிஷம் தாங்க மாட்டாங்க சார். அப்ப என் பட்டையைக் கழட்டுறேன்."

"பூவராகன், விளையாடாதீங்க. நீங்க கழட்டினா அவங்க இன்னும் கரைக்காத அயர்வு மொத்தமும் உங்களுக்கே திரும்பி வந்துரும். ரெண்டு நிமிஷத்துல சாஞ்சிருவீங்க. அப்புறம் பேஷன்ட்டை யாரு பாக்குறது?"

"அதுக்குத்தான் சார் வண்டிக்கு ரெண்டு பேர் வேணும்னு அப்பவே கேட்டோம்."

"எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்றார் ஜெபராஜ். கெட்டவர் இல்லை. அவரும் பட்டை கட்டியவர்தான். களைப்பு என்றால் என்னவென்றே மறந்துபோன மனிதரிடம் இன்னொருவர் களைப்பைப் பற்றிப் பேசினால் அவருக்கு எப்படி விளங்கும்?

பூவராகன் போனை வைத்துவிட்டு நூர்ஜகானைப் பார்த்தான். "நீங்க என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

"பூ கட்டுவேன் தம்பி. எதுக்கு?"

"கை பழகின கைதான். இதைப் புடிங்க."

முகமூடியின் மேல் அவள் இடது கையை வைத்து, தாடையைத் தூக்கிப் பிடிக்கும் விதத்தைக் காட்டினான். வலது கையில் பையைக் கொடுத்தான். "அஞ்சு எண்ணி ஒரு அமுக்கு. மெதுவா. நெஞ்சு மேல ஏறுதான்னு பாருங்க. ஏறலன்னா தாடையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. அவ்வளவுதான்."

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க இருக்குறீங்கல்ல?"

"நான் இருந்தா அவங்க இருக்க மாட்டாங்கம்மா. நான் இப்ப தூங்கப் போறேன். என்னை எழுப்பாதீங்க, என்ன ஆனாலும் கையை நிறுத்தாதீங்க."

நான்கு அமுக்கு வரை பக்கத்தில் இருந்து பார்த்தான். ஐந்தாவதில் நெஞ்சு அழகாக ஏறி இறங்கியது. கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பட்டையின் கொக்கியை விடுவித்தான்.

முதலில் கண்ணில் மணல் விழுந்தது மாதிரி இருந்தது. அப்புறம் தோள், முதுகு, முழங்கால். முப்பத்தொரு மணி நேரம், அதற்கு முந்தைய நாற்பது மணி நேரத்தின் பாக்கி, எல்லாம் வீடு தேடி வந்தன. வாய் தானாகத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி வந்தது. அதில் ஒரு சுகம் இருந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வண்டியின் தரையில் சரியும்போது, "மூணு, நாலு, அஞ்சு" என்று நூர்ஜகான் எண்ணுவது கேட்டது.

அவன் கண் விழித்தபோது மறுநாள் மாலையாகியிருந்தது. மருத்துவமனைக் கட்டில். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், கழுத்தில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய், ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சிட்டீங்களா தம்பி?" என்றாள் தையல்நாயகி. "நான் காலையிலேருந்து முழிச்சிருக்கேன். பகல்ல எத்தனை காக்கா கத்துது! எனக்கு மறந்தே போச்சு."

பட்டையைத் தட்டித் தட்டி இரண்டு வருடம் பேசிய ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கடைசியில் கேட்டான். "முழிச்சிருக்குறப்ப மட்டும் வேலை செய்யுற மறுப்புப் பொத்தான் ஒங்க பட்டையில இருக்கே அக்கா. அளவுக்கு மேல போனா அமுக்க வேண்டியதுதானே?"

"அமுக்கலாம். அமுக்கினா ஒங்க வேலைக்கு எதுனா ஆயிடுமோன்னு பயம். ராப்பகலா இப்படி ஒழைக்கிறாரே, மனுசனுக்கு என்ன கஷ்டமோ, பொண்ணு கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோன்னு நெனச்சுக்குவேன். நம்மளால ஆனது, படுத்துக் கெடப்போம்னு கெடந்தேன்."

"எனக்குப் பொண்ணெல்லாம் இல்லக்கா. யாருமே இல்ல."

"பின்ன யாருக்காகத் தம்பி இவ்வளவு பாத்தீங்க?"

"உங்களுக்காகத்தான்" என்றான் பூவராகன். "கூலி கூடக் கெடைக்கட்டும்னு."

தையல்நாயகி சிரித்தாள். அவனும் சிரித்தான். கிளம்பும்போது அவள் தன் எண்ணை அவன் போனில் பதிந்து கொடுத்து, "ஆத்திர அவசரத்துக்குக் கூப்புடுங்க" என்றாள்.

நிறுவனம் விசாரணை வைத்தது. வண்டிக்குள் இருந்த கண்காணிப்புக் கருவி அவன் தூங்கிய அந்தப் பதினாறு நிமிடங்களையும் அப்படியே பதிந்து வைத்திருந்தது. பணியில் தூங்கியதற்காகப் பூவராகனைத் தண்டிப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் பூவராகனைப் பார்க்கவே இல்லை, நூர்ஜகானைத்தான் பார்த்தார்கள். படிக்காத, பயிற்சி இல்லாத ஒரு பெண் ஒரு நிமிடம் சொல்லிக் கொடுத்ததை வைத்து ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்த ஒரு நிமிடத்தை வண்டியே சொல்லிக் கொடுத்தால் என்ன?

மூன்றாவது வாரம் சுற்றறிக்கை வந்தது. இனி நோயாளியோடு வரும் உறவினரோ நண்பரோ உதவியாளர் வேலையைப் பார்ப்பார், வண்டியின் குரல் அவருக்கு வழிகாட்டும். பல ஆண்டுகளாகத் தீராமல் இருந்த ஆள் பற்றாக்குறை ஒரே தாளில் தீர்ந்துபோனது. ஆளே வேண்டாம் என்று ஆன பிறகு பற்றாக்குறை எங்கேயிருந்து வரும்? நூர்ஜகானுக்கு மேடையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். மாவட்டத்தில் நூற்றுச் சொச்சம் உதவியாளர்கள் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களுக்காகத் தூங்கியவர்களை நிறுவனம் கைவிடவில்லை. லாரிக் கம்பெனிகளுக்கும் கணினிக் கம்பெனிகளுக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் மாற்றிவிட்டது.

பூவராகன் அரியலூரில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, வாரியக் குடியிருப்பில் தரைத்தளத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தான். தன் களைப்பைத் தானே தூங்கினான். தையல்நாயகியை இரண்டு தடவை போனில் பிடிக்க முடிந்தது. மூன்றாவது தடவையிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, வார விடுமுறை. சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு நடு நெஞ்சில் ஒரு கனம். கனம் இடது தாடைக்கு ஏறியது. வேர்த்துக் கொட்டியது. எத்தனையோ பேரிடம் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவனுக்கு, இது என்ன என்பதில் சந்தேகமே வரவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தான். ஆறே நிமிடத்தில் வாசலில் வந்து நின்றது. நல்ல வண்டி, குறையே சொல்ல முடியாது. கதவு திறந்தது.

"உடன் வருபவர் ஏறியதும் வண்டி கிளம்பும்" என்றது குரல். "பத்து நிமிடம் காத்திருக்கும்."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. மூன்றாவது வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தான். வரிசையாக நான்கு பேர் படுத்திருந்தார்கள், கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள். நான்கு கழுத்திலும் மஞ்சள் விளக்கு. "யோவ்! ஏங்க! எந்திரிங்க!" என்று கத்தினான். கத்துவது நெஞ்சில் குத்தியது. நான்கு பேரும் ஒரே சீராக மூச்சு விட்டார்கள். எட்டு மாதமாகப் பகலில் இந்தக் குடியிருப்பு இவ்வளவு அமைதியாக இருந்த காரணம் அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. வேலை இல்லாதவர்கள் எல்லோரும் வேலையாகப் படுத்திருந்தார்கள்.

வண்டியின் படியில் வந்து உட்கார்ந்து தையல்நாயகியை அழைத்தான். மணி அடித்தது. முழுவதும் அடித்து ஓய்ந்தது. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். அவர் வேலை முடியும்வரைக்கும் அவள் எழுந்திருக்கப் போவதில்லை. அவள் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட பயம்.

"நான்கு நிமிடம்" என்றது குரல்.

பூவராகன் கைப்பிடியைப் பற்றி உள்ளே ஏறினான். உதவியாளர்கள் அந்த நாட்களில் செய்த ஒரு சின்னத் திருட்டு வேலை உண்டு. இருக்கைப் பட்டியைப் போடாவிட்டால் வண்டி கத்திக்கொண்டே இருக்கும் என்று, பட்டியை வெறும் இருக்கையின் மேல் இழுத்து மாட்டிவிட்டு எழுந்து நின்று வேலை பார்ப்பார்கள். பட்டி மாட்டியிருந்தால் வண்டிக்கு ஆள் இருப்பதாகக் கணக்கு. உடன் வருபவர் இருக்கையில் அதே பட்டியை இழுத்து மாட்டினான். அது சொடுக்கென்று விழுந்தது. தடுமாறிப் போய்ப் படுக்கையில் படுத்தான். மின்முனைகளை எடுத்துத் தன் நெஞ்சில் தானே ஒட்டிக்கொண்டான்.

கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

"உடன் வருபவரின் பெயரைச் சொல்லவும்."

"தையல்நாயகி" என்றான்.

"நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?"

அக்கா என்று சொல்லலாம் என்று பார்த்தான். நாக்கு வரவில்லை. கூடப் பிறந்தவர்கள்கூட அவனுக்காக ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. "வேண்டியவங்க" என்றான்.

"பதிவாகிவிட்டது. நன்றி, தையல்நாயகி. இன்னும் பதினொரு நிமிடத்தில் மருத்துவமனை வந்துவிடும். நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரோடு பேசிக்கொண்டே வாருங்கள். தனியாக இருக்கிறோம் என்று அவர் நினைக்கக் கூடாது."

வெறும் இருக்கையின் மேல் பட்டி இறுகி, வண்டி திரும்பும்போதெல்லாம் லேசாக ஆடியது. பூவராகன் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"பயப்படாதீங்க தம்பி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டான். "பதினொரு நிமிஷந்தான். தூங்கிராதீங்க."